பழைய சர்வரைச் சத்தமில்லாத டெஸ்க்டாப்பாக மாற்ற முடியுமா?

கேள்வி இது. அம்பத்தூர் பக்கம் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட டெல் ஆர்730 சர்வர் மலிவாகக் கிடைக்கிறது. உள்ளே இரண்டு இன்டெல் ஜியான் ஈ5-2680 வி4 ப்ராசஸர்கள், எட்டு 16 ஜிபி துண்டுகளாக 128 ஜிபி ராம். வீட்டில் இருப்பது ஒரே படுக்கையறை, அதன் மூலையில்தான் மேசை. பிளெண்டர் ரெண்டரிங், நாலைந்து வெர்ச்சுவல் மெஷின், கொஞ்சம் கோட் கம்பைல் என்று வேலை. இதை வாங்கி, ஃபேனை மட்டும் மாற்றிச் சத்தமில்லாமல் ஓட்ட முடியுமா?

ஃபேனை மட்டும் மாற்றினால் நடக்காது. ஆனால் அந்த ப்ராசஸரையும் ராமையும் வைத்து, ராத்திரி பக்கத்தில் ஆள் தூங்கும் அறையில் ஓடக்கூடிய ஒரு நல்ல மெஷினைக் கட்டாயம் கட்டலாம். பெட்டியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சரக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் போடுவது பெட்டிதான்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். 2680 வி4 என்பது 2016-இல் வந்த சிப். 14 கோர், 28 த்ரெட், 35 எம்பி கேஷ், 120 வாட். அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் ஒற்றைக் கோர் 3.3 வரை போகும். ரெண்டரிங், கம்பைல், வெர்ச்சுவல் மெஷின் போன்ற, எல்லாக் கோரும் சேர்ந்து உழைக்கும் வேலைகளில் இன்றும் நன்றாகவே தாங்கும். போட்டோ எடிட்டிங், பிரவுசர், கேம் என்று ஒரு கோரின் வேகத்தை நம்பியிருக்கும் வேலைக்கு, இன்றைய சாதாரண ஐ5 இதைச் சுலபமாக முந்திவிடும். உங்களுக்குத் தேவை நிறைய ராம், நிறைய பிசிஐஇ லேன் (கார்டுகளுக்கான டேட்டா பாதை), இசிசி பாதுகாப்பு (ராம் பிழையைத் தானே திருத்துவது) என்றால் இந்தப் பாதை சரி. ஒரு ப்ராசஸருக்கு 40 லேனும் நான்கு மெமரி சேனலும் இருக்கின்றன. இந்த விலைக்கு வேறெதிலும் அவ்வளவு கிடைக்காது. வேகமாக பிரவுசர் திறந்தால் போதும் என்றால் இதற்குப் பின்னால் அலைய வேண்டாம்.

இனி சத்தம். ஆர்730 ஒரு 2யூ சர்வர், அதாவது ரேக்கில் இரண்டு அடுக்கு உயரம், சுமார் 9 சென்டிமீட்டர். அதற்குள் 12 சென்டிமீட்டர் ஃபேனை நிமிர்த்தி வைக்க வழியே இல்லை. அதனால் 60 மில்லிமீட்டர் ஃபேன்கள் ஆறு, குறுக்கே வரிசையாக நிற்கின்றன. ப்ராசஸர் மேல் இருப்பது ஃபேன் இல்லாத, இதழ்கள் நெருக்கமான ஹீட்சிங்க். முன்பக்க ஹார்ட் டிஸ்க்குகளைத் தாண்டி, அந்த இதழ்களுக்குள் புகுந்து, ராம் வரிசையைத் தடவி, பின்பக்கக் கார்டுகள் வரை காற்றைத் தள்ளியாக வேண்டும். அதற்கு அழுத்தம் வேண்டும். சின்ன ஃபேன் அழுத்தம் கொடுக்க வேண்டுமானால் வெறித்தனமாகச் சுற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். ஏழு இதழ் உள்ள ஒரு ஃபேன் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 200 சுற்று. ஏழால் பெருக்கினால் 1400 ஹெர்ட்ஸ். மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் பகுதிக்குள் வந்து உட்காரும் ஒலி அது. அதே ஏழு இதழோடு ஒரு 140 மில்லிமீட்டர் ஃபேன் 700 சுற்றில் போனால் வருவது சுமார் 80 ஹெர்ட்ஸ். அந்தத் தாழ்ந்த முனகலைக் காது பெரிதாகக் கண்டுகொள்ளாது. நம் வீடுகளில் வருஷம் முழுக்க ஓடும் சீலிங் ஃபேனின் இரைச்சலுக்குள் அது கரைந்துபோகும். 1400 ஹெர்ட்ஸ் விசில் கரையாது, சீலிங் ஃபேனை ஐந்தில் வைத்தாலும் தனியாகக் கேட்கும். டெசிபெல் எண்ணை மட்டும் வைத்துச் சத்தத்தை எடை போடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், அழுத்தம் கால்பங்காகும், சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்கும். 15 டெசிபெல் என்பது பெரிய இறக்கம். ஆகவே அமைதிக்கு ஒரே வழி, பெரிய ஃபேன், மெதுவான சுற்று, காற்று தடையில்லாமல் நுழைய இடம். 2யூ பெட்டியில் இந்த மூன்றுக்கும் இடமில்லை.

டெல்லின் ஆர்720, ஆர்730 தலைமுறையில் ஐபிஎம்ஐ (சர்வரைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் வழி) மூலம் கட்டளை அனுப்பி தானியங்கி ஃபேன் கட்டுப்பாட்டை அணைத்து, வேகத்தை 15, 20 சதவீதத்தில் நிறுத்தலாம். இது உண்மை, வேலையும் செய்யும். ஹாலில் அல்லது பால்கனிப் பக்க ஸ்டோர் ரூமில் வைத்து, ரிமோட்டில் பயன்படுத்துபவர்களுக்கு அது போதும். பிற்பாடு வந்த 14-ஆம் தலைமுறை மாடல்களில் ஐடிராக் 9 என்ற டெல் நிர்வாகச் சிப்பின் புதிய ஃபர்ம்வேர் இந்த வழியை அடைத்துவிட்டது, அதையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஆனால் சென்னை மே மாதம் ஏசி இல்லாத அறை 34, 35 டிகிரியில் இருக்கும்போது, வேகத்தைக் கையால் இறக்கி வைத்துவிட்டு முழு லோடில் ரெண்டர் போடுவது ப்ராசஸரைப் பணயம் வைப்பது. கூலர் ஒன்று அறை வெப்பத்துக்கு மேல் 40 டிகிரி ஏற விடுகிறது என்றால், 24 டிகிரி ஏசி அறையில் 64, உங்கள் படுக்கையறையில் மதியம் 75. வெளிநாட்டுக்காரர்கள் போடும் அளவுகளைப் படிக்கும்போது இந்தப் பத்து டிகிரியை எப்போதும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. டெல் அல்லாத ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகினால், அதன் வெப்பம் தெரியாததால் ஆர்730 தானாகவே ஃபேனை உயர்த்திவிடும். எச்பியின் டிஎல்380 போன்ற சர்வர்களும் தெரியாத டிஸ்க், தெரியாத கார்டு வந்தால் இதையேதான் செய்யும்.

சரி, அப்படியானால் அந்த போர்டைக் கழற்றி சாதாரண கேபினெட்டில் போட்டால்? டெல், எச்பி ரேக் சர்வர்களின் போர்டு அந்தப் பெட்டிக்கென்றே வெட்டப்பட்டது. திருகுத் துளைகள் வேறு, கரண்ட் கனெக்டர் வேறு, ஃபேன் கனெக்டர் வேறு, முன்பக்க பட்டன் கூடத் தனி கேபிளில் வரும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ப்ராசஸரும் ராமும் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் வேறு இடத்தில் உட்காரும். எல்ஜிஏ2011-3 சாக்கெட், டிடிஆர்4 ஆர்டிம் (சர்வர் வகை ராம்) என்ற இரண்டும் பொருந்தினால் போதும்.

அதில் எனக்குப் பிடித்த வழி, அதே சிப்களுக்காகவே தயாரான ஒர்க்ஸ்டேஷனைப் பழையதில் வாங்குவது. எச்பி இசட்440, டெல் ப்ரிசிஷன் டி5810 இரண்டும் ஒற்றை ப்ராசஸர், எட்டு ராம் ஸ்லாட். இரட்டை வேண்டுமென்றால் எச்பி இசட்640, டெல் டி7810. இவை மேசைப் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து வேலை செய்வதற்காக வடிவமைத்தவை, அதனால் சும்மா இருக்கும்போது இருப்பதே தெரியாது. பெரும்பாலும் ஈ5-1600 வி3 போன்ற சின்ன ப்ராசஸரோடு கிடைக்கும். முதலில் அந்தப் பழைய ப்ராசஸரிலேயே பூட் செய்து பயாஸைப் புதுப்பித்துவிட்டு, அப்புறம் 2680 வி4-ஐ மாட்டுங்கள். வரிசை மாறினால் திரை கறுப்பாகவே நிற்கும். இவற்றில் குறை ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) அந்தந்த மாடலுக்கே உரியது, பழுதானால் கடையில் கிடைக்கும் ஏடிஎக்ஸ் (சாதாரண டெஸ்க்டாப் அளவு) மாட்டாது.

முழுக்க உங்கள் கையால் கட்ட ஆசை என்றால், சூப்பர்மைக்ரோ எக்ஸ்10 வரிசை போர்டு ஒன்றைத் தேடுங்கள். அவர்கள் நிறைய போர்டுகளை ஏடிஎக்ஸ் அளவிலேயே, சாதாரண 24 பின், 8 பின் கரண்ட் கனெக்டரோடு செய்திருக்கிறார்கள். வாங்கும் முன் மூன்று விஷயங்களை ஆற அமரப் பாருங்கள்.

முதலாவது சாக்கெட்டின் சட்டம். எல்ஜிஏ2011 வகையில் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று சதுரம், திருகுகளுக்கிடையே 80-க்கு 80 மில்லிமீட்டர். மற்றொன்று ஒடுக்கமானது, 56-க்கு 94. கடையில் கிடைக்கும் டெஸ்க்டாப் கூலர்கள் சதுரத்துக்குத்தான் வரும். சர்வர் போர்டுகளில் ஒடுக்கமானது அதிகம். நாக்டுவாவின் என்எச்-யூ12டிஎக்ஸ் ஐ4, என்எச்-யூ9டிஎக்ஸ் ஐ4 கூலர்கள் இரண்டு சட்டத்துக்கும் பொருந்தும். ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள், விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாவது அளவு. இரட்டை ப்ராசஸர் போர்டுகள் பல 12-க்கு 13 அங்குலம், எஸ்எஸ்ஐ இஇபி என்பார்கள். ஈ-ஏடிஎக்ஸ் என்று அட்டையில் எழுதிய எல்லாக் கேபினெட்டும் அதை ஏற்காது. துளைகள் சில இடம் மாறியிருக்கும். துளை இல்லாத இடத்தில் கேபினெட்டின் பித்தளைக் கால் ஒன்று நின்றால், அது போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆகும். போர்டை வைக்கும் முன் ஒவ்வொரு காலுக்கும் நேராகத் துளை இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத காலைக் கழற்றிவிடுங்கள். இரட்டைப் போர்டில் ஒரே ப்ராசஸரைப் போட்டால் பாதி ராம் ஸ்லாட்டும் சில பிசிஐஇ ஸ்லாட்டும் வேலை செய்யாது, அதையும் யோசியுங்கள். அமைதிதான் முதல் குறி என்றால் ஒற்றை ப்ராசஸர் போர்டே மேல். வெப்பம் பாதி, மின்சாரமும் கிட்டத்தட்ட பாதி.

மூன்றாவது முன்பக்க பட்டன். டெஸ்க்டாப் போர்டில் இருப்பதுபோல ஒன்பது பின் இருக்காது. ஜேஎஃப்1 என்று அச்சிட்ட பின் கட்டை ஒன்று ஓரத்தில் இருக்கும். அதன் 1, 2 பின்கள் பவர் பட்டன், 3, 4 ரீசெட்.

போர்டு ஓட ஆரம்பித்ததும் எல்லோரையும் கலங்கடிக்கும் ஒரு நிகழ்வு வரும். மெதுவாகச் சுற்றும் நல்ல ஃபேன்களை மாட்டியிருப்பீர்கள். சில நொடி அமைதி, திடீரென எல்லா ஃபேனும் முழு வேகத்தில் அலறும், மறுபடி இறங்கும், மறுபடி அலறும். போர்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். போர்டில் தனியாக ஓடும் பிஎம்சி என்ற சின்ன கணினி, ஃபேன் வேகம் ஒரு கீழ் எல்லைக்குக் குறைந்தால் ஃபேன் செத்துவிட்டது என்று முடிவுகட்டி மற்றவற்றை முழு வேகத்துக்கு ஏற்றும். அந்த எல்லை சர்வர் ஃபேன்களுக்காக வைத்தது. 400, 500 சுற்றில் நிம்மதியாக ஓடும் ஃபேன் அதன் கண்ணுக்குச் செத்த ஃபேன். ஐபிஎம்ஐடூல் என்ற லினக்ஸ் நிரலால் ஒவ்வொரு ஃபேனுக்கும் மூன்று கீழ் எல்லைகளையும் 100, 200, 300 என்று இறக்கிவிட்டால் அந்த ஏற்ற இறக்கம் நின்றுவிடும். அதே கையோடு பிஎம்சியின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பழைய சூப்பர்மைக்ரோ போர்டுகளில் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டும் ஊரறிந்த ஒரே சொல்தான். தேவையில்லை என்றால் பிஎம்சிக்கென இருக்கும் நெட்வொர்க் போர்ட்டில் கேபிளே செருக வேண்டாம். ஆனால் சில போர்டுகளில் அது வெறுமையாக இருந்தால் பிஎம்சி, முதலாவது சாதாரண நெட்வொர்க் போர்ட்டைப் பகிர்ந்துகொள்ளும், அமைப்புக்குள் போய் அந்தப் பகிர்வை நிறுத்துங்கள்.

கூலர் மாட்டியாயிற்று, ப்ராசஸர் 60 டிகிரி காட்டுகிறது என்று நின்றுவிடாதீர்கள். சர்வர் போர்டு முழுவதும் அந்தப் புயல் காற்றை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டது. விஆர்எம் (ப்ராசஸருக்குக் கரண்டைச் சீராக்கும் பகுதி), சிப்செட், ராம் எல்லாவற்றின் மேலும் இருப்பது கையளவு ஹீட்சிங்க், அல்லது அதுவும் இல்லை. டெஸ்க்டாப் கேபினெட்டில் அவற்றின் மேல் காற்று நின்றுபோகும். இதில் மோசமாகச் சூடேறுபவை டிஸ்க்குகளை இணைக்கும் எச்பிஏ கார்டும் 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டும். தொட்டால் விரல் பொறுக்காது. அதனால் முன்பக்கம் வலை முகப்புள்ள கேபினெட், அதில் 140 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு அல்லது மூன்று 600, 700 சுற்றில், பின்னால் ஒன்று. கார்டுகளுக்கு நேராக ஓர் 80 அல்லது 92 மில்லிமீட்டர் ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். கண்ணாடி முகப்பு கேபினெட் அழகாக இருக்கும், காற்றை அடைக்கும். நம் ஊர்த் தூசிக்கு முன்பக்க வலை மாதம் ஒருமுறை கழுவக்கூடியதாக இருக்க வேண்டும்.

சர்வர் எஸ்எம்பிஎஸ்ஸை 12 வோல்ட் அடாப்டர் போர்டு வைத்து ஓட்டலாம் என்ற யோசனை அடிக்கடி காதில் விழும். மின்சாரம் தரமாகத்தான் வரும், ஆனால் அதற்குள் இருப்பது 40 மில்லிமீட்டர் ஃபேன். எதை ஒழிக்கக் கிளம்பினோமோ அதையே வீட்டுக்குள் கொண்டுவருவது. நல்ல ஏடிஎக்ஸ் ஒன்றை, இரண்டு 8 பின் சிபியு கேபிளோடு, புதிதாகவே வாங்குங்கள். இந்த ஒரு பாகத்தில் பழையது வேண்டாம்.

டெஸ்க்டாப்பில் நாம் யோசிக்காமலே கிடைக்கும் பல சங்கதிகள் சர்வர் போர்டில் இருக்காது. ஒலி வராது, யூஎஸ்பி ஆடியோ அடாப்டர் வேண்டும். திரைக்கு விஜிஏ மட்டும், ஆகவே தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம். ஸ்லீப் பெரும்பாலும் வேலை செய்யாது. ஆன் செய்ததும் ராமைச் சோதித்து, பிஎம்சி எழுந்து, திரை வருவதற்குள் காபி ஆறிவிடும். பிசிஐஇ வழியாக ஓடும் வேகமான என்விஎம்இ டிஸ்க்கில் இருந்து பூட் ஆக, எக்ஸ்10 தலைமுறையில் பயாஸ் புதிதாக இருக்க வேண்டும். ஆனால் டிடிஆர்3 காலத்து போர்டுகளில் பொதுவாக அது கிடையாது, சின்ன சாட்டா எஸ்எஸ்டியில் பூட் பகுதியை வைத்துச் சமாளிக்க வேண்டும். சர்வரோடு வரும் 10,000 சுற்று எஸ்ஏஎஸ் (சர்வர் வகை) டிஸ்க்குகளை அங்கேயே விட்டுவிடுங்கள். அவை சத்தம், சூடு, சாட்டா போர்ட்டில் மாட்டவும் மாட்டாது.

வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்ட டெஸ்லா பி40 வாங்கலாமா என்று இப்போதெல்லாம் பலர் கேட்கிறார்கள். 24 ஜிபி நினைவகம் கவர்ச்சிதான். ஆனால் அது 250 வாட் கார்டு, சொந்த ஃபேன் கிடையாது, திரை கனெக்டர் கிடையாது. டெஸ்க்டாப்பில் வைக்க வேண்டுமானால் பின்னால் ஒரு ஊதுகுழல் ஃபேனைக் கட்ட வேண்டும், அதோடு அமைதி போயிற்று. இன்னும் முக்கியமாக, அதன் 8 பின் சாக்கெட் சிபியு கேபிளின் வகை. சாதாரண கிராபிக்ஸ் கேபிளில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும். சரியான அடாப்டர் இல்லாமல் எதையும் அழுத்திச் செருக வேண்டாம்.

சீனாவில் இருந்து வரும், இதே ப்ராசஸர் உட்காரும் மலிவான எக்ஸ்99 போர்டுகளைப் பற்றி இரண்டே வரி. பழைய போர்டுகளில் இருந்து கழற்றிய சிப்செட்டைப் போட்டுச் செய்தவை பல உண்டு. கேம் ஆட ஓர் ஆண்டு ஓட்டலாம், ஆனால் ராத்திரி முழுக்க ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கும் அளவுக்கு நான் அவற்றை நம்பமாட்டேன்.

வாங்கும் இடம் என்றால் மவுண்ட் ரோடு ரிச்சி ஸ்ட்ரீட்தான் முதலில் நினைவுக்கு வரும். அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு சந்துகளின் மாடிக் கடைகளிலும் ஏறிப் பாருங்கள், சர்வர் சரக்கு கீழ்க்கடைகளில் கண்ணில் படாது. போர்டை வாங்கும்போது சாக்கெட்டின் மூடியை எடுத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். இந்த வகையில் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. நேராக இருக்கும் பின்வரிசை ஒரே சீராக மினுங்கும், வளைந்த பின் தனியாக இருட்டாகவோ வேறு கோணத்திலோ தெரியும். ப்ராசஸரின் தலையில் எஸ்ஆர் என்று தொடங்கும் குறி இருக்க வேண்டும். கான்ஃபிடென்ஷியல் என்று பொறித்திருந்தால் அது சோதனைப் பிரதி, வேண்டாம். ஏஎம்டியின் சர்வர் ப்ராசஸரான எபிக்கைத் தனியாக வாங்க நினைத்தால் இன்னும் கவனம். டெல் போன்ற சில நிறுவனங்களின் சர்வரில் ஒருமுறை பூட் ஆன எபிக், அந்த நிறுவனத்தின் போர்டோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கலாம், வேறு போர்டில் உயிர் வராது. உங்கள் ஜியான் ஈ5-க்கு அந்தத் தொல்லை இல்லை.

பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் ஓடிய மெஷின் என்றால் ராமின் தங்க முனைகளையும் கனெக்டர்களையும் உற்றுப் பாருங்கள். உப்புக் காற்று பச்சைப் பூஞ்சணம்போல் படிய வைக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வையுங்கள், சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ராமில் ஆர்டிமையும் இன்னொரு சர்வர் வகையான எல்ஆர்டிமையும் கலக்காதீர்கள். நான்கு சேனலும் நிரம்பும்படி ப்ராசஸருக்கு நான்கு நான்காகப் போடுங்கள். உங்களிடம் இருக்கும் எட்டுத் துண்டும் ஒற்றை ப்ராசஸர் போர்டில் அப்படியே உட்காரும்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் விஷயத்தில், விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஈ5 வரிசை இல்லை. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லினக்ஸில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே என்று வி2 ப்ராசஸருக்கு இறங்க வேண்டாம். அதில் ஏவிஎக்ஸ்2 என்ற கணக்குக் கட்டளைத் தொகுப்பு இல்லை. ரெட்ஹாட் லினக்ஸ் 10 ஏற்கெனவே ஏவிஎக்ஸ்2 உள்ள ப்ராசஸரைக் கட்டாயமாக்கிவிட்டது, மற்றவையும் மெல்ல அந்தத் திசையில் போகும்.

கடைசியாகக் கரண்ட். இரட்டை ப்ராசஸர் மெஷின் சும்மா இருக்கும்போதே 120 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் அதற்கு மட்டும் சுமார் 173 யூனிட். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 58. நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது, ஆகவே ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் இந்த யூனிட்கள் மேல்படியின் விலையில்தான் விழும். ஸ்லீப் இல்லாததால் வேலை முடிந்ததும் முழுவதுமாக ஆஃப் செய்யும் பழக்கம் வேண்டும். யூபிஎஸ் விஷயத்திலும் கையைச் சுருக்காதீர்கள். கிராபிக்ஸ் கார்டோடு முழு லோடில் இந்த மெஷினை 600 விஏ யூபிஎஸ் தாங்காது. சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள, அதாவது கரண்ட் இழுக்கும் விதத்தைத் தானே சீராக்கும் எஸ்எம்பிஎஸ் சில சமயம் கரண்ட் மாறும் அந்த நொடியிலேயே ஆஃப் ஆகிவிடும். சைன் வேவ் யூபிஎஸ், குறைந்தது 1 கேவிஏ வாங்கி, ரெண்டர் ஓடும்போதே மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். அதைத் தாண்டி மெஷின் நின்றுவிடாமல் ஓடினால், அந்த ஆர்730-இன் காலிப் பெட்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம்.